மேடையும் இருக்கையும்: ஐதராபாத் நகரில் இசை வாழ்ந்த மறைவிடங்கள்

முன்னுரை

நகர வரலாற்றை எழுதுவோர் கோட்டை, அரண்மனை, வழிபாட்டிடம், அங்காடி ஆகியவற்றைக் கண்டும் அளந்தும் எழுதுவர். கல்லும் சுண்ணமும் எஞ்சி நிற்பதால் அவை எளிதில் சான்றாகின்றன. ஒலி அவ்வாறு எஞ்சுவதில்லை. ஆதலின் ஒரு நகரில் இசை எங்கெங்கு ஒலித்தது, அதனை ஒலித்தவர் எங்கு வாழ்ந்தனர் என்னும் வினாக்கள் நகர வரலாற்றின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன.

யுனெஸ்கோ நிறுவனம் தன் படைப்பாக்க நகரங்களின் வரிசையில் 2017இல் சென்னையை இசைக்குரிய நகராகவும், 2019இல் ஐதராபாத்தை உணவுக்குரிய நகராகவும் சேர்த்தது. இதனைக் கொண்டு ஐதராபாத்தின் இசை சிறப்புக் குறைந்தது எனக் கருதுதல் பொருந்தாது. சென்னையின் இசை சபை அரங்குகளில் நிகழ்வதால் வெளிப்படையாகத் தெரிகிறது. ஐதராபாத்தின் இசையில் பெரும்பகுதி வாயில் மாடங்களிலும், வீட்டு முற்றங்களிலும், படைவீரர் குடியிருப்புகளிலும், குறுகிய சந்துகளிலும் வளர்ந்தது. கடந்து செல்வோர் அண்ணாந்து பாராத இடங்கள் இவை. அயலார் நுழையாத இடங்களும் இவற்றுள் உண்டு.

இத்தகைய இடங்களுள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒலித்த இசையுள் எது நின்றது, எது மறைந்தது, அதற்குக் காரணம் யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இசை நிகழும் இடத்தை ‘மேடை’ என்றும், இசைப்போர் குடும்பத்தோடு வாழும் இடத்தை ‘இருக்கை’ என்றும் ஈண்டுப் பிரித்துக் கொள்ளப்படுகிறது. இசையின் நிலைபேற்றுக்கு மேடையைவிட இருக்கையே அடிப்படை என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

பழந்தமிழ் நூல்கள் காட்டும் இருவகை இடம்

மேடை, இருக்கை என்னும் இப்பாகுபாடு தமிழ் மரபுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடரங்கின் அளவைக் கோற்கணக்கில் வரையறுக்கிறது. அதன்படி அரங்கின் அகலம் 7 கோல். நீளம் 8 கோல். தளத்தின் உயரம் 1 கோல். இது மேடையைப் பற்றிய செய்தி. அந்நூலின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தை விரிக்குமிடத்தில் மீன் விற்போர், உப்பு விற்போர், கொல்லர், தச்சர், தையல் வினைஞர் முதலியோர் வாழும் பகுதிகளோடு குழலும் யாழும் வல்ல பெரும்பாணரின் இருக்கையையும் சேர்த்துக் கூறுகிறது. பட்டினப்பாக்கத்தைக் கூறுமிடத்தில் அரசனைச் சார்ந்த சூதர், மாகதர், வேதாளிகர், நாழிகைக் கணக்கர் முதலியோரின் இருப்பிடங்களைக் குறிக்கிறது. இசைவாணர் அரசனுக்கு அணுக்கமாகவும் சேய்மையிலுமாக இருவேறு நிலைகளில் நகருள் குடியிருந்தனர் என்பதும், இளங்கோவடிகள் அவர்களின் வாழிடத்தையும் நகரின் உறுப்பாகக் கொண்டார் என்பதும் இதனால் புலனாகின்றன.

முரசைப் பற்றிய புறநானூற்றுச் செய்தியும் கருதத்தக்கது. சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனையில், முரசு நீராட்டுக்காக எடுத்துச் செல்லப்பட்டிருந்த வேளையில், மோசிகீரனார் என்னும் புலவர் அதன் கட்டிலில் அறியாது துயின்றார். தண்டிக்க வேண்டிய மன்னன் அவருக்குக் கவரி வீசினான். இது புறநானூற்றின் 50ஆம் பாடல் தரும் செய்தி. முரசு இல்லாத வேளையிலும் அதன் இடம் அரசுரிமையின் அடையாளமாகவே மதிக்கப்பட்டது. முரசுக்கு இத்துணைத் தனியிடம் தரப்பட்டிருக்க, அதனை முழக்கியவர் பெயர் அப்பாடலில் இல்லை என்பதும் நோக்கத்தக்கது. இடத்துக்குச் சிறப்பும் இசைப்போர்க்குப் பெயரின்மையும் என்னும் இந்நிலையே ஐதராபாத்திலும் காணப்படுகிறது.

வாயில் மாடத்து முரசு

கோல்கொண்டாவை ஆண்ட குதுப் ஷாஹி மரபின் முகம்மது குலி, 1591இல் மூசி ஆற்றின் தென்கரையில் ஐதராபாத் நகரைத் தோற்றுவித்தார். நகரின் நடுவே சார்மினார் எழுந்தது. அதற்கு வடக்கே, அரண்மனையின் முன்வெளியைச் சூழ்ந்து சார் கமான் எனப்படும் நான்கு பெருவளைவுகள் கட்டப்பெற்றன. அவற்றுள் கிழக்கு வளைவு இன்று காலி கமான் எனப்படுகிறது. இது அரச நகரா இல்லமாக விளங்கியது. முரசுகளும் ஊதுகருவிகளும் இங்கிருந்து ஒலித்தன.

நகரா என்பது இருகுடங்களாக அமைந்த தோற்கருவி. அரபு மொழி வழியே வந்த இச்சொல் தமிழிலும் வழங்குகிறது. தமிழகத்துக் கோயில்களிலும் தர்காக்களிலும் நகரா முழக்கும் வழக்கம் உண்டு. நகராவோடு ஷெனாய் வகைக் குழல்கள், நீண்ட கொம்புகள், தாளங்கள் ஆகியன சேர்ந்து குறித்த வேளைகளில் ஒலிப்பது நவுபத் ஆகும். முகலாயப் பேரரசில் நகரா இல்லம் அரசுரிமைச் சின்னங்களுள் ஒன்றாக இருந்ததை அபுல் ஃபசலின் அயினி அக்பரி விளக்குகிறது. சிறப்புப் பெற்ற பிரபுக்களுக்கு நகரா முழக்கும் உரிமையை மன்னர் வழங்குவதும் உண்டு. ஐதராபாத்தில் பின்னர் ஆண்ட ஆசஃப் ஜாஹி மரபினரும் இவ்வழக்கத்தைப் பின்பற்றினர். சென்னை இராயப்பேட்டையில் ஆர்க்காட்டு இளவரசரின் இல்லமாகிய அமீர் மகாலின் வாயிலிலும் நகரா இல்லம் அமைந்திருத்தல், இம்மரபு தமிழகத்திலும் பரவியிருந்ததைக் காட்டும்.

வாயிலின் மேல்மாடத்தில் நகரா இல்லத்தை அமைத்ததற்கு இரு பயன்கள் உண்டு. உயரத்திலிருந்து எழும் ஒலி தடையின்றி நெடுந்தொலைவு செல்லும். வருவோரும் போவோரும் அதன் கீழாகவே கடக்க வேண்டியிருப்பதால் அரசின் ஆணை செவிவழி அனைவரையும் எட்டும். இவ்வமைப்பில் இசைப்போர் கண்ணுக்குத் தெரிவதில்லை. நகர் முழுதும் கேட்கும் ஒலியை எழுப்பியவர் நகரில் எவராலும் அறியப்படாதவராக இருந்தனர். அவர்தம் ஒலி அரசனின் ஒலியாகவே கொள்ளப்பட்டது.

1687இல் ஔரங்கசீப்பின் படை கோல்கொண்டாவைக் கைப்பற்றியது. குதுப் ஷாஹி அரண்மனைகள் பின்னர் அழிந்தன. சார் கமான் வளைவுகள் நின்றன. இன்று அவற்றின் கீழே அங்காடித் தெருவின் நெரிசல் ஓய்வின்றி நிகழ்கிறது. அரசு மறைந்தபின் நகராவுக்குப் பொருள் இல்லாமற் போயிற்று. அதனை முழக்கிய குடும்பங்களுக்கு அம்மாடம் பணியிடமே அன்றி உரிமையிடம் அன்று. எனவே, வளைவு எஞ்சியும் ஒலி எஞ்சவில்லை.

குன்றும் மண்டபமும்

வாயிலைப் போலவே குன்றும் ஒலிக்குரிய இடமாயிற்று. உசைன் சாகர் ஏரியின் தெற்கே அருகருகே இரு குன்றுகள் உள்ளன. ஒன்று காலா பஹாட். மற்றொன்று நவுபத் பஹாட். அரசாணைகளை மக்களுக்கு அறிவிக்கும்போது இரண்டாம் குன்றில் முரசு முழங்கியதால் அப்பெயர் வந்தது என்பர். காலா பஹாடின்மேல் 1976இல் வெண்பளிங்கு பிர்லா மந்திர் திறக்கப்பட்டது. நவுபத் பஹாடின்மேல் 1985இல் பிர்லா கோளரங்கம் திறக்கப்பட்டது. இன்று அக்குன்றின் பெயர் ஒன்றே பழைய ஒலிக்குச் சான்றாக நிற்கிறது. ஊர்ப்பெயர் ஆய்வு இசை வரலாற்றுக்கும் துணைசெய்யும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

கோல்கொண்டாவுக்கு அப்பால் இப்ராகிம் பாக் என்னுமிடத்தில் தாராமதி பாராதரி உள்ளது. பாராதரி என்பது பன்னிரு திறப்புகளை உடைய மண்டபம். அப்துல்லா குதுப் ஷா (ஆட்சிக்காலம் 1626–1672) அவையில் சிறந்திருந்த தாராமதி இங்குப் பாடியதாகவும், அப்பாடல் கோட்டையிலிருந்த மன்னனுக்குக் கேட்டதாகவும் மக்கள் கூறுவர். இது செவிவழிக் கதை. எனினும் கோல்கொண்டாவின் கட்டடக் கலைஞர் ஒலியின் போக்கை நன்கு அறிந்திருந்தனர் என்பதில் ஐயமில்லை. பாலா ஹிசார் வாயிலின் விதானத்தின்கீழ்க் கைதட்டினால் மலையுச்சியிலுள்ள மண்டபத்தில் கேட்கிறது. பகைவர் வரவை அறிவிக்க இவ்வமைப்புப் பயன்பட்டது. இத்தகைய சூழலில் தாராமதி கதை தோன்றியது இயல்பே.

தாராமதிக்கும் பிரேமாமதிக்கும் உரியனவாகக் கூறப்படும் கல்லறைகள் குதுப் ஷாஹி கல்லறை வளாகத்தில் உள்ளன. அவ்வளாகத்தின் சீரமைப்புப் பணி 2013இல் தொடங்கி 2024இல் நிறைவுற்றது. பாராதரி சுற்றுலாத் துறையின் கலைநிகழ்ச்சி இடமாக மாற்றப்பட்டது. இவ்வாறு அவ்விரு மகளிரின் பெயர்களும் நினைவிடங்களும் காக்கப்பட்டன. அவர்கள் பாடியது யாது, அதனை யாரிடம் கற்றனர், யார்க்குக் கற்பித்தனர் என்பவற்றுக்கு அக்கற்கள் விடை தருவதில்லை.

ஆடல் மகளிர் இல்லங்கள்

17ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கோல்கொண்டாவுக்கு வந்த பிரெஞ்சு மணி வணிகர் தவர்னியே, அந்நகரில் 20,000க்கும் மேற்பட்ட பொதுமகளிர் அரசு அலுவலரின் ஏட்டில் பதிவு பெற்றிருந்தனர் என்று எழுதினார். அவர்களுள் ஒரு பகுதியினர் வெள்ளிக்கிழமைதோறும் அரண்மனை முன்வெளிக்கு வந்து, மன்னர் மாடத்தில் தோன்றினால் அவர்முன் ஆட வேண்டும் என்பதையும் அவர் குறித்தார். எண்ணிக்கையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆடலும் பாடலும் வல்ல மகளிர் பதிவுக்கும் கட்டளைக்கும் உட்பட்ட தொழிலினராக நோக்கப்பட்டனர் என்பதே இச்செய்தியில் முதன்மையானது.

இந்நிலையைக் கடந்து தன் இருக்கையைத் தானே அமைத்துக்கொண்டவர் மா லகா பாய் சந்தா (1768–1824). இவர் இரண்டாம் ஆசஃப் ஜா நிஜாம் அலி கானின் அவையில் உயர்நிலை பெற்றார், படையெடுப்புகளிலும் மன்னருடன் சென்றார், நிலமானியம் பெற்றார். இசையிலும் நடனத்திலும் வல்லவராக விளங்கியதோடு உருது மொழியில் கஸல்கள் இயற்றினார். தம் பாடல்களின் முழுத் தொகுப்பை உருவாக்கிய முதல் பெண் உருதுக் கவிஞருள் ஒருவராக இவர் போற்றப்படுகிறார். 1799இல் இவர் ஜான் மால்கம் என்னும் ஆங்கிலேய அலுவலருக்குத் தம் தொகுப்பின் கையெழுத்துப் படியை வழங்கினார். அது இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. இளம்பெண்கள் பலரைத் தம் இல்லத்தில் வைத்து இசையும் நடனமும் கற்பித்தார்.

மௌலா அலி குன்றின் அடிவாரத்தில் தம் தாய்க்கு இவர் எழுப்பிய கல்லறை வளாகத்தில் இவரும் அடக்கம் செய்யப்பட்டார். நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த அவ்வளாகம் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கத் தூதரக நிதியுதவியுடன் சீரமைக்கப்பட்டது. இவர் எழுதிய சொற்கள் ஏட்டில் நின்றன, கல்லறை சீர்பெற்றது. எனினும் அவர் தம் மாணவியர்க்குக் கற்பித்த பண்ணும் அடவும் அவ்வில்லம் கலைந்ததும் தொடர்ச்சி அற்றன. எழுத்துக்கு நூலகமும் கல்லுக்குச் சுண்ணமும் போதும். ஆனால், இசைக்குக் கற்கும் பிள்ளைகள் வாழும் வீடு வேண்டும்.

மூசி ஆற்றங்கரையில் உயர்நீதிமன்றத்தை அடுத்த மெஹபூப் கி மெஹந்தி என்னும் பகுதியும் இதனையே காட்டுகிறது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை அங்குப் பாடல் மகளிரின் இல்லங்கள் இருந்தன. நிஜாம் ஆட்சியும் ஜாகிர் முறையும் மறைந்தபின் புரவலர் குறைந்தனர், இசை பின்தள்ளப்பட்டு இழிசொல்லே முன்னின்றது, அவ்வில்லங்கள் மூடப்பட்டன. தமிழகத்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேவதாசி முறை ஒழிக்கப்பட்டபோது எழுந்த வினா இங்கும் பொருந்தும். இழிவை நீக்குதல் இன்றியமையாதது. ஆயின், அம்மகளிரின் கலைப் பயிற்சிக்கு மாற்றிடம் தமிழகத்திலேனும் சபைகளிலும் கல்லூரிகளிலும் ஒருவாறு கிடைத்தது. மெஹபூப் கி மெஹந்தியின் மகளிர்க்கு அத்தகைய மாற்றிடம் கிட்டவில்லை.

புரவலர் மாளிகைகளின் நிலையும் ஈண்டு எண்ணத்தக்கது. இந்துஸ்தானி இசையின் பெருங்கலைஞர் படே குலாம் அலி கான் 1968இல் ஐதராபாத் பஷீர் பாக் அரண்மனையில் காலமானார். பைகா பிரபு ஆஸ்மான் ஜா 19ஆம் நூற்றாண்டில் கட்டிய அவ்வரண்மனை பின்னர் இடிக்கப்பட்டது. இன்று பஷீர் பாக் என்பது கடைகளும் அலுவலகங்களும் நிறைந்த ஒரு பகுதியின் பெயர். அக்கலைஞரின் இசை ஒலிப்பதிவுகளாலும் மாணவர் வழியாகவும் நின்றது, மாளிகையால் நிற்கவில்லை.

முற்றத்து டோலக்

இதுகாறும் கூறிய இடங்கள் யாவும் அரசனையும் பிரபுவையும் சார்ந்தவை. இவற்றுக்கு மாறாக, எவருடைய ஆதரவையும் வேண்டாமல் வளர்ந்தது பெண்கள் முற்றத்தில் பாடும் டோலக் பாட்டு. ஐதராபாத் முஸ்லிம் குடும்பங்களின் திருமணங்களில் மஞ்சள் பூசும் நாளிலும் மருதாணி இடும் நாளிலும் பெண்கள் கூடி டோலக் என்னும் இருமுகக் கருவியைத் தட்டிப் பாடுவர். ஒருத்தி கருவியை மடிமேலோ தரையிலோ வைத்துத் தட்ட, மற்றவர் கைதட்டித் தொடர்வர். மீராசன் எனப்படும் தொழில்முறைப் பாடகியரும் அழைக்கப்படுவதுண்டு.

இப்பாடல்களின் மொழி தக்கினி. அரசவைக் கஸலின் பாரசீகச் சொல்வளம் இதில் இல்லை. தெலுங்கும் மராத்தியும் கலந்த வீட்டுப் பேச்சு இதில் உண்டு. மணமகளின் பிரிவுத் துயரம், மணமகனைப் பற்றிய கேலி, சம்பந்தியை ஏசும் குறும்பு, மாமியார் கொடுமை ஆகியன இதன் பொருள்கள். தமிழகத் திருமணங்களில் பாடப்பெறும் நலங்குப் பாட்டும் சம்பந்தி ஏசலும் இதனோடு ஒப்பிடத்தக்கவை. நேரில் கூற இயலாத மனக்குறையைப் பாட்டாகக் கூறும் உரிமையை இரு மரபுகளும் பெண்ணுக்கு ஒரு நாளேனும் அளித்தன.

முற்றம் ஆடவர் நுழையாத இடம். ஆதலின் இவ்விசை நெடுங்காலம் ஏட்டில் ஏறவில்லை. அவைக்களப் புலவரும் அயல்நாட்டுப் பயணியரும் இதனை அறியார். சுவருக்கு அப்பால் கேட்டவர்க்கும் பாடுபவர் யார் எனத் தெரியாது. நகரா முழக்கியவரும் முற்றத்தில் பாடியவரும் காணப்படாது கேட்கப்பட்டவர் என்னும் வகையில் ஒத்தவர். ஆனால் முந்தையவர்க்கு மாடம் பணியிடம். பிந்தையவர்க்கு முற்றம் சொந்த வீடு. தாயிடம் மகள் கேட்டுப் பழகிய அப்பாட்டு அரசுகள் மாறியும் தொடர்ந்தது. இன்று முற்றம் வைத்த வீடுகள் குறைந்து அடுக்குமாடி வீடுகளும் திருமண மண்டபங்களும் பெருகியுள்ளன. இவ்விசையை எதிர்நோக்கும் முதன்மையான இடர் இதுவே.

படைவீரர் குடியிருப்பும் மர்ஃபாவும்

மேற்கூறிய கருத்தைச் சோதித்தறிய ஏற்ற சான்று மர்ஃபா. இது அரசின் படையோடு வந்தது. அப்படை கலைந்தபின்னும் நின்றது. நகராவும் மர்ஃபாவும் ஒரே அரசைச் சார்ந்திருந்தும் ஒன்று மறைந்து மற்றொன்று நின்றமைக்குக் காரணம் காணுதல் வேண்டும்.

தக்காணத்தில் ஆப்பிரிக்க மக்களின் இருப்பு பழமையானது. கோல்கொண்டாவில் பாலா ஹிசார் வாயிலுக்கு முன்னுள்ள வளைவுகள் ஹப்ஷி கமான் எனப்படுகின்றன. ஹப்ஷி என்பது அபிசீனியரைக் குறிக்கும் சொல். 19ஆம் நூற்றாண்டில் வனபர்த்தி அரசரிடமிருந்த ஆப்பிரிக்கக் குதிரைவீரர் நிஜாமுக்கு அளிக்கப்பட்டனர் என்பர். அவர்களைக் கொண்டு ஆப்பிரிக்கக் குதிரைப்படைக் காவலர் பிரிவு அமைந்தது. மாசாப் டேங்குக்கு அண்மையில் அவர்கள் குடியமர்ந்த பகுதி அப்பிரிவின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமாக ஏ.சி. கார்ட்ஸ் என்று இன்றும் வழங்குகிறது. ஏமன் நாட்டு ஹள்ரமௌத் பகுதியிலிருந்து வந்த அராபியரும் நிஜாமின் படையில் பணியாற்றினர். நகரின் தெற்கே அவர்கள் வாழும் பகுதி பார்க்கஸ். படைவீரர் தங்குமிடத்தைக் குறிக்கும் ‘பாரக்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு இது.

இவ்விரு மக்களின் தாள மரபுகளும் கலந்து உருவானது மர்ஃபா இசை. குடம் போன்ற அடிப்பகுதியை உடைய மர்ஃபா என்னும் தோற்கருவி, வட்டச் சட்டத்தில் தோல் போர்த்த டஃப், உலோகக் குடம் ஆகியன இதில் இடம்பெறும். தாளம் விரைவுற விரைவுற ஆடவர் கோலும் வாளும் ஏந்தி ஆடுவர். கருவிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு எச்சந்திலும் நின்று முழக்கலாம். இதற்கு மாடமும் மண்டபமும் வேண்டுவதில்லை.

1948 செப்டம்பர் 13 முதல் 17 வரை நிகழ்ந்த இந்தியப் படை நடவடிக்கையால் நிஜாமின் ஆட்சி முடிவுற்றது. அவருடைய படைகள் கலைக்கப்பட்டன. 1949இல் ஜாகிர் முறை ஒழிக்கப்பட்டது. காவலர் பிரிவின் வீரர் வேலையிழந்தனர். அராபியருள் பலர் நாடு திரும்ப நேர்ந்தது. எஞ்சியோர் ஏ.சி. கார்ட்ஸ் பகுதியிலும் பார்க்கஸிலும் தம் குடியிருப்புகளிலேயே வாழ்ந்து கூலி வேலையும் சிறு தொழில்களும் செய்தனர். படை ஊதியம் நின்ற நிலையில் முன்பு கொண்டாட்டமாக இருந்த மர்ஃபா வாழ்க்கைக்கு உதவும் தொழிலாயிற்று. மணமகன் ஊர்வலத்திலும் வரவேற்பு நிகழ்ச்சிகளிலும் மர்ஃபா குழுவினரை அழைப்பது சமயம் கடந்த நகர வழக்கமாயிற்று.

ஈண்டு இரு செய்திகளைப் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது, மர்ஃபா கலைஞரின் பணி போயிற்று; இருக்கை போகவில்லை. அண்டை வீட்டுச் சிறுவன் மூத்தோர் முழக்குவதைக் கேட்டு வளரும் சூழல் தொடர்ந்தது. இரண்டாவது, நகராவுக்கு அரசு ஒன்றே பொருள் தந்தது. மர்ஃபாவுக்குத் திருமணமும் பொருள் தந்தது. அரசு ஒருமுறை வீழும். திருமணம் ஆண்டுதோறும் நிகழும்.

எனினும் மர்ஃபா கலைஞர்க்கு உரிய மதிப்புக் கிட்டியது எனல் இயலாது. நகரா முழக்கியவர் காணப்படவில்லை. மர்ஃபா முழக்குபவர் தெருவில் அனைவரும் காண நிற்கிறார். ஆயினும் அவர் இசைவாணராக எண்ணப்படுவதில்லை. ஊர்வலத்தின் ஓர் உறுப்பாகவே எண்ணப்படுகிறார். மறைவிடம் என்பது சுவராலும் திரையாலும் மட்டும் அமைவதில்லை. நோக்கியும் மதியாமையும் ஒருவகை மறைப்பே.

தப்பும் லஷ்கர் போனாலும்

இவ்வகை மறைப்பு தமிழர்க்கு நன்கு அறிமுகமானது. தெலங்கானாவில் தப்பு என்றும் தமிழகத்தில் பறை அல்லது தப்பு என்றும் வழங்கும் கருவி, சாதியால் ஒடுக்கப்பட்ட மக்களின் கையில் இருந்தது. ஊருக்கு அக்கருவி வேண்டும்; கருவியை முழக்குபவர் ஊருக்கு வெளியே வாழ வேண்டும் என்பது பழைய நடைமுறை. தப்பு, டஃப் என்னும் சொற்களின் ஒலியொற்றுமையைக் கொண்டு அவற்றுக்குச் சொற்பிறப்பு உறவு கற்பிப்பது அவசர முடிவாகும். ஆனால், தோலைக் காய்ச்சிச் சுருதி ஏற்றும் முறையிலும் தெருவையே களமாகக் கொள்ளும் முறையிலும் இரண்டும் ஒத்துள்ளன.

ஆடி மாதத்தையொட்டி நிகழும் போனாலு விழாவில் தப்பின் முழக்கம் இன்றியமையாதது. பெண்கள் பானையில் சமைத்த சோற்றைத் தலையில் ஏந்தித் தாய்த் தெய்வத்துக்குப் படைக்கும் விழா இது. செகந்திராபாத் உஜ்ஜயினி மகாகாளி கோயிலின் விழா லஷ்கர் போனாலு எனப்படுகிறது. லஷ்கர் என்பது படை முகாமைக் குறிக்கும். 1813இல் உஜ்ஜயினியில் இருந்த படைப்பிரிவைச் சார்ந்த ஒருவர், கொள்ளைநோய் நீங்க வேண்டிக்கொண்டு, திரும்பியபின் இக்கோயிலை அமைத்தார் என்பது கோயில் வரலாறு. படையிருப்பே மர்ஃபாவுக்கும் லஷ்கர் போனாலுக்கும் பின்புலமாக அமைந்தமை ஐதராபாத், செகந்திராபாத் என்னும் இரட்டை நகரங்களின் தனித்தன்மை.

2014இல் தெலங்கானா தனி மாநிலமானதும் போனாலு மாநில விழாவாக அறிவிக்கப்பட்டது. தனி மாநிலப் போராட்டக் கூட்டங்களிலும் தப்பு ஓங்கி ஒலித்தது. ஒரு காலத்தில் தீட்டுக்குரியதாக எண்ணப்பட்ட கருவி மாநிலத்தின் அடையாளமாயிற்று. தமிழகத்தில் பறைக்கு அண்மைப் பதிற்றாண்டுகளில் கிட்டிய மேடை மதிப்போடு இதனை ஒப்பிடலாம். கருவி பெற்ற மதிப்பு அதனைத் தலைமுறையாகக் காத்தவர் வாழும் தெருவுக்கும் கிட்டியதா என்னும் வினா இரு மாநிலங்களுக்கும் பொதுவானது.

தெருவின் ஒலிக்கு வேறொரு போட்டியும் வந்தது. பெரும் ஒலிபெருக்கி வண்டிகள் ஊர்வலங்களில் தோற்கருவிகளைப் பின்தள்ளின. 2024இல் ஐதராபாத் நகரக் காவல்துறை சமய ஊர்வலங்களில் இத்தகைய டி.ஜே. ஒலியமைப்புகளுக்குத் தடை விதித்தது. இரைச்சலைக் குறைப்பதே அத்தடையின் நோக்கம். கையால் முழக்கும் கலைஞர்க்கு இது ஒரு வாய்ப்பாகவும் அமையக்கூடும்.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிவுகள் பெறப்படுகின்றன. ஐதராபாத்தில் கட்டடத்தால் சிறந்த இசையிடங்கள் யாவும் அரசோடும் புரவலரோடும் பிணைந்திருந்தன. காலி கமானும் நவுபத் பஹாடும் பெயரளவில் நின்றன. தாராமதி பாராதரியும் மா லகா பாயின் கல்லறையும் சீர்பெற்று நின்றன. பஷீர் பாக் அரண்மனை இடிந்தது. நின்றவற்றிலும் இடிந்தவற்றிலும் பழைய இசை தொடரவில்லை. கட்டடச் சிறப்பு ஏதுமற்ற வீட்டு முற்றத்திலும், படைவீரர் குடியிருப்பிலும், தப்பு முழக்குவோர் தெருவிலும் இசை தொடர்ந்தது. அவ்விடங்களில் இசைப்போரும் அவர்தம் பிள்ளைகளும் ஒருங்கு வாழ்ந்தமையே அதற்குக் காரணம்.

மரபுச் சின்னப் பாதுகாப்பு இன்று பெரும்பாலும் கல்லைக் காப்பதாகவே உள்ளது. கோல்கொண்டா, குதுப் ஷாஹி கல்லறைகள், சார்மினார் ஆகியன 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அது மகிழ்தற்குரியது. ஏ.சி. கார்ட்ஸ் போன்ற பகுதிகள் எப்பட்டியலிலும் இடம்பெறுவதற்கில்லை. நிலத்தின் விலை ஏற, நகரின் நடுவிலுள்ள எளிய குடியிருப்புகள் கலைந்து குடும்பங்கள் புறநகர்களில் சிதறுவது இந்தியப் பெருநகர் யாவற்றிலும் நிகழ்கிறது. 1948இல் படை கலைந்தபோது மர்ஃபா தப்பியது. குடியிருப்பு கலைந்தால் அது தப்புதல் அரிது. எனவே, நகரத்து இசையைக் காக்க விரும்புவோர் விழா மேடை அமைப்பதோடு நில்லாது, இசைவாணர் வாழும் தெருக்களை வரைபடத்தில் குறிப்பதும், அங்கு வாழ்வோரின் பெயர்களையும் பயிற்சி முறைகளையும் அவர்தம் இசைவோடு பதிவுசெய்வதும், அவர்களின் குடியிருப்புரிமையை உறுதிசெய்வதும் முதற்பணியாகக் கொள்ளத்தக்கன.

மோசிகீரனார் துயின்ற கட்டிலில் முரசு அன்று சிறிது நேரமே இல்லாதிருந்தது, நீராடி மீண்டது. காலி கமானின் மாடத்துக்கு முரசு மீளவில்லை. மாடத்தைப் போற்றிய நகரம், முரசு முழக்கியவர் எத்தெருவிலிருந்து வந்து எத்தெருவுக்குத் திரும்பினார் என்பதைக் குறித்து வைக்கவில்லை. மருவூர்ப்பாக்கத்தில் மீன் விற்போர்க்கும் தச்சர்க்கும் அருகே பாணர் இருக்கையை எழுதி வைத்த இளங்கோவடிகளின் நோக்கு, நகர வரலாறு எழுதுவோர் இன்றும் கொள்ளத்தக்கதாகும்.